இட்லி மாவு தெரிந்தால் ஷிராஸ் தெரியும்

சென்னையில் மே மாதம் இரவு ஒன்பது மணிக்குக் கரைத்துவைத்த மாவு, விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். அதே இட்லி அரிசி, அதே உளுந்து, ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அதே கிரைண்டர். மெல்பர்னில் ஜூலை மாதம் கரைத்துவைத்தால் மறுநாள் மத்தியானம்கூட அசையாமல் கிடக்கும். ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதில் வைப்பவர்கள் உண்டு; கம்பளி சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. மெல்பர்னின் டாண்டனாங்கிலோ சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலோ ஒரு குளிர்காலத்தைக் கழித்த எவருக்கும் இந்தப் பாடம் தெரியும்: மாவைப் புளிக்கவைப்பது வீட்டின் சூடு. அந்தச் சூட்டைப் பார்த்து நேரத்தைக் கணித்து, பதம் வந்ததும் எடுத்துவிடுவதுதான் நம் வேலை.

சிவப்பு ஒயினும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பிரான்ஸில் ரோன் ஆற்றின் கரையில் ஹெர்மிடேஜ் என்றொரு குன்று இருக்கிறது. அங்கே விளையும் சிரா என்ற கருந்திராட்சைதான் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பாட்டில் ஷாப்பில் இரண்டு பெயரிலும் அடுக்கியிருந்தாலும் கொடி ஒன்றே. ஆனால் ஹெர்மிடேஜில் ஒரு சுவை, சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கில் ஒரு சுவை, மெல்பர்னை அடுத்த யாரா பள்ளத்தாக்கில் இன்னொரு சுவை. ஏன் என்பதை மாவுச் சட்டியை வைத்துக்கொண்டே படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

குளிர் வீட்டில் ஒரு வெதுவெதுப்பான மூலை

லியோன் நகரிலிருந்து ரோன் ஆறு தெற்கே இறங்கும் வழியில், டான் என்ற சிற்றூரின் தலைக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கிறது அந்தக் குன்று. சரிவை வெட்டிப் படிப்படியாகத் தளம் கட்டியிருக்கிறார்கள். தாங்குசுவர்களில் ஷப்பூத்தியே, ஜபூலே என்று தோட்டக்காரக் குடும்பங்களின் பெயர்கள், கீழே ரயிலில் போகிறவர்கள் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். குன்று முழுவதும் சேர்த்துத் தோட்டப் பரப்பு சுமார் 140 ஹெக்டேர், ஏக்கரில் 340 போல. உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஒயின் இவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது.

இடம் 45ஆவது வடக்கு அட்சரேகைக்கு அருகில். சிரா அங்கே பழுப்பதே கொஞ்சம் இழுபறிதான். ஆனால் குன்று தெற்குப் பார்த்தது; காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும். மேற்குப் பக்கம் கருங்கல் மண், நடுவில் கூழாங்கல். இரண்டும் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. மிஸ்ட்ரால் என்ற வடகாற்று வீசினால் கொடியே முறியும். அதனால் ஒவ்வொரு கொடியையும் ஒரு கம்பத்தில் கட்டி வளர்க்கிறார்கள். அதே காற்றுதான் மழை ஈரத்தைத் துடைத்துக் குலையில் பூஞ்சை பிடிக்காமல் காக்கவும் செய்கிறது. ஓவன் விளக்கின் வெதுவெதுப்பில் மாவு வைக்கிறோமே, குளிர்ந்த நாட்டில் சிராவுக்கு அப்படி வாய்த்த மூலை இந்தக் குன்று.

குன்றுக்குப் பெயர் வந்த கதை 1224ஆம் ஆண்டைச் சொல்கிறது. காஸ்பார் த ஸ்டெரம்பெர்க் என்ற போர்வீரர், ஆல்பிஜென்சியன் சிலுவைப் போரில் அலுத்துப்போய், குன்றின் உச்சியில் சின்னக் கோவில் ஒன்றில் துறவியாகத் தங்கி, கொடி வளர்த்தார் என்பது ஐதீகம். உச்சியில் கல்லால் கட்டிய சிற்றாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஒயினின் வலு எவ்வளவு பேர் பெற்றிருந்தது என்றால், வெளுத்துப்போன போர்தோ ஒயினுக்குக் கருமையும் திடமும் சேர்க்க வணிகர்கள் ஹெர்மிடேஜைக் கலந்து விற்றார்கள். 1937இல் சட்டப்படி எல்லை வகுத்து, இந்தக் குன்றில் விளைந்தது மட்டுமே ஹெர்மிடேஜ் என்று பிரான்ஸ் வரையறுத்தது.

சிராவின் பூர்வீகம் பாரசீகத்து ஷிராஸ் நகரம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1998இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தின் குழு, பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து மரபணுவைச் சோதித்துப் பார்த்தது. தூரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு திராட்சைகளின் கலப்பில் பிறந்தது சிரா என்று தெரிந்தது. இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸின் கொடிகள். பாரசீகக் கதை அத்தோடு முடிந்தது.

கொடி சிட்னிக்கு வந்த வழி

1788இல் முதல் குடியேற்றக் கப்பல்கள் சிட்னி வந்தபோதே திராட்சைக் குச்சிகள் கூட வந்தன. துறைமுக ஓரத்து ஈரப்பதத்தில் அவை உருப்படவில்லை. காரியத்தைத் திட்டம் போட்டுச் செய்தவர் ஜேம்ஸ் பஸ்பி. எடின்பரோவில் பிறந்து 1824இல் சிட்னி வந்து சேர்ந்தவர். 1831இல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். அந்த டிசம்பரில் ஹெர்மிடேஜ் குன்றிலும் ஏறினார். மண்ணைப் பார்த்தார், கவாத்து செய்யும் முறையைக் கேட்டார், அக்கம்பக்கத்தில் சொல்லப்பட்ட பாரசீகக் கதையையும் மறக்காமல் குறித்துக்கொண்டார். மான்பெலியே தாவரவியல் தோட்டத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான வகைகளின் குச்சிகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். 1833 தொடக்கத்தில் சிட்னி தாவரவியல் பூங்காவில் 362 வகைகள் உயிரோடு இருந்தன.

அந்தத் தொகுப்பு பின்னால் கவனிப்பாரின்றிப் போனது. ஆனால் ஹன்டர் பள்ளத்தாக்கில் பஸ்பிக்குச் சொந்தமான கர்க்டன் பண்ணையில் நட்ட கொடிகள் பிழைத்து, பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பரவின. பஸ்பி அங்கே உட்கார்ந்து ஒயின் செய்யவில்லை. 1833இல் நியூசிலாந்துக்கு பிரிட்டிஷ் பிரதிநிதியாகப் போய்விட்டார். 1840இல் மாவோரித் தலைவர்களோடு செய்த வைத்தாங்கி உடன்படிக்கையை எழுதுவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹன்டர்க்காரர்கள் இந்தத் திராட்சைக்கு வைத்த பெயர் ஹெர்மிடேஜ். குன்று அங்கே, பெயர் இங்கே என்று நூறு வருஷத்துக்கு மேல் லேபிள் ஒட்டினார்கள். 1994இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஆஸ்திரேலியா செய்த ஒப்பந்தம் இந்தப் பழக்கத்துக்கு முடிவுகட்டியது.

படி 1: வெயில் செய்யும் வேலை

பழம் பழுக்கும்போது இரண்டு காரியம் சேர்ந்து நடக்கும்: சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். மாவில் நேரம் போகப் போகப் புளிப்பு கூடும், திராட்சையில் குறையும். திசைதான் வேறு, வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டிலும் சூடுதான்.

திராட்சையில் முக்கியமான அமிலங்கள் இரண்டு. ஒன்று டார்டாரிக், நம் புளியில் இருப்பதும் அதுவே. மற்றது மாலிக், பச்சை ஆப்பிளைக் கடித்தால் தெரிவது. வெப்பம் கூடினால் பழம் மாலிக் அமிலத்தைத் தன் மூச்சுக்கே எரித்துவிடும். இரவு குளிர்ந்தால் அந்த எரிப்பு மட்டுப்படும். ஆகவே பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள ஊரில் சர்க்கரை நிதானமாக ஏறும், புளிப்பு தங்கும், தோலின் நிறமும் மணமும் முதிர நேரம் கிடைக்கும். ராவும் பகலும் சூடாக உள்ள ஊரில் சர்க்கரை ஓட்டமாக ஓடி முன்னால் போய்விடும். தோல் முதிர்வதற்குள் பறிக்க வேண்டி வரும். மே மாதத்து மாவு இப்படித்தான் ஏமாற்றும்: பொங்கி வருவதற்குள் புளிப்பு முந்திக்கொள்ளும்.

இந்தக் கணக்குப்படி ஹன்டர் தேறவே கூடாது. சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். கோடை வெப்பமும் புழுக்கமும் அதிகம். காப்பாற்றுவது மேகம். கடற்காற்று பள்ளத்தாக்குக்குள் நுழைந்து பிற்பகலில் மேகத்தைக் கூட்டி வெயிலைத் தணிக்கும். இன்னொன்று, மழைப் பயம். சரியாக அறுவடை நேரத்தில் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே மழை கொட்டும், குலை அழுகும். அதனால் ஆஸ்திரேலியாவிலேயே முன்னதாகப் பறிக்கும் ஊர்களில் ஹன்டரும் ஒன்று. சீக்கிரம் பறித்தால் சர்க்கரை குறைவு. சர்க்கரை குறைந்தால் ஆல்கஹால் குறைவு. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை போனால் ஆல்கஹால் ஒரு சதவீதம் வரும் என்பது ஒயின்காரர்களின் வாய்பாடு. வெயில் சுடும் ஊரிலிருந்து அடக்கமான, நடுத்தர உடம்புள்ள ஒயின் வருவதன் ரகசியம் இதுதான். மாவு முழுக்கப் பொங்கும்வரை காத்திராமல், பாதியிலேயே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளும் சாமர்த்தியம்.

இதைக் கலையாக்கியவர் மாரிஸ் ஓஷே. ஆஸ்திரேலியாவில் பிறந்து, பிரான்ஸில் மான்பெலியேவில் படித்தவர். 1921இல் அவர் குடும்பம் ஹன்டரில் வாங்கிய பழைய தோட்டத்துக்கு மவுன்ட் பிளெசன்ட் என்று பெயரிட்டார். 1880இல் நட்ட ஷிராஸ் கொடிகள் அங்கே இன்றும் காய்க்கின்றன. பக்கத்தில் டிரெல் குடும்பத்தின் தோட்டத்தில் 1879இல் நட்டவை இருக்கின்றன.

மெல்பர்ன் பக்கம் யாராவில் அறுவடைக்கு மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அதே பழம் கொடியில் இன்னும் ஒன்றிரண்டு மாதம் கூடுதலாகத் தொங்குகிறது.

படி 2: பொங்கல்

கருந்திராட்சையை நசுக்கிப் பாருங்கள், சாறு நிறமே இல்லாமல் இருக்கும். சிவப்பு முழுக்கத் தோலில். அதனால் சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தனியாகப் பிழியாமல், தோல், விதை எல்லாவற்றோடும் தொட்டியில் போட்டுப் புளிக்கவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். இந்த வாயுதான் மாவையும் உப்பவைக்கிறது. தொட்டியில் அது தோல்களையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு வந்து கெட்டியான மூடிபோல நிறுத்திவிடும். விட்டுவிட்டால் மேலே தோல் காய்ந்து கெடும். கீழே சாறு வெளுத்தே நிற்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை அந்தத் தோலைக் கம்பால் அமுக்கிச் சாற்றுக்குள் முக்குவார்கள், அல்லது அடிச் சாற்றைக் குழாயில் ஏற்றி மேலே ஊற்றுவார்கள். தொட்டி மேல் குனிந்தால் வாயு மூக்கில் சுள்ளென்று ஏறும். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் அது ஆளையே சாய்த்துவிடும் என்பதால் வேலையாட்கள் அதற்குப் பயந்தே நடப்பார்கள்.

நொதிக்கும்போது தொட்டி தானாகவே சூடாகும். சிவப்பு ஒயினுக்கு 25இலிருந்து 30 டிகிரி வரை தோது. அதற்கு மேல் எகிறினால் ஈஸ்ட் களைத்துப் பாதியில் நின்றுவிடும், சர்க்கரை மிஞ்சும். அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் இதுவே தலைவலி. பழம் பறித்த பிப்ரவரி வெயிலில் தொட்டியைக் குளிர்விக்க வழி இல்லை. குளிர்சாதனம் வந்த பிறகுதான் அந்த ஒயின்கள் நம்பத்தகுந்தவை ஆயின.

ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது? மாவில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருகின்றன. கை பட்டதாலும் கொஞ்சம் சேரும் என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. ஒயினில் கொஞ்சம் பழத்தோலிலிருந்தும், மீதி கொட்டகையின் தொட்டியிலும் சுவரிலும் காலங்காலமாகத் தங்கியதிலிருந்தும் வரும். அதை நம்பாதவர்கள் பாக்கெட் ஈஸ்ட் தூவுவார்கள். வேகத்துக்குக் கடிவாளமும் உண்டு. வெயில் காலத்தில் மாவில் உப்பை முன்னதாகவே போட்டுக் கரைப்போம், குளிர்காலத்தில் பொங்கிய பிறகு போடுவோம். ஒயினில் அந்த உப்பின் இடத்தில் இருப்பது சல்ஃபர் டை ஆக்சைடு. வேண்டாத கிருமிகளை அடக்கி, வேண்டிய ஈஸ்டுக்கு வழி விடும். லேபிளில் 'சல்ஃபைட்' என்று சின்ன எழுத்தில் இருப்பது இதைத்தான்.

படி 3: ஒரு ஸ்பூன் வெந்தயம்

உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறப்போடுவோம். அளவு சொற்பம், ஆனால் மாவின் வழவழப்பும் தோசையின் நிறமும் மணமும் மாறிவிடும். அரைத்து முடித்த மாவில் பிறகு வெந்தயப் பொடியைத் தூவினால் அந்தப் பலன் வராது. கூடவே ஊறி, கூடவே புளிக்க வேண்டும்.

ஹெர்மிடேஜுக்கு வடக்கே, அதே ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கோத் ரோத்தியில் இந்த வேலையைச் செய்வது வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை. சட்டம் 20 சதவீதம்வரை அனுமதிக்கிறது. நடைமுறையில் பெரும்பாலோர் அதில் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை. ஹெர்மிடேஜிலும் மார்சான், ரூசான் என்ற வெள்ளைத் திராட்சைகளை 15 சதவீதம்வரை சேர்க்கலாம். வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளுக்க வேண்டும் அல்லவா? வெளுக்காது. சேர்ந்து புளிக்கும்போது வெள்ளைத் தோலில் உள்ள பொருள்கள் சிவப்பு நிறமிகளைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன. நிறம் இன்னும் பளிச்சென்று வரும். மேலே சீமை வாதுமைப்பழ (ஆப்ரிகாட்) வாசனை ஒரு இழை ஏறும்.

கன்பராவுக்கு வடக்கே, மரம்பேட்மன் என்ற ஊரில் குளோனகில்லா என்ற தோட்டம் இருக்கிறது. ஜான் கர்க் என்ற விஞ்ஞானி 1971இல் தொடங்கியது. அவர் மகன் டிம் 1991இல் ரோன் பக்கம் போய், கிகால் நிறுவனத்தின் கோத் ரோத்தி ஒயின்களைச் சுவைத்துவிட்டு வந்தார். 1992 அறுவடையிலேயே ஷிராஸும் வியோனியேயும் சேர்த்துப் புளிக்கவைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் பலரும் அந்த வழிக்கு வந்தார்கள். சிலர் அளவு தெரியாமல் கொட்டிச் சந்தை முழுக்க வாதுமைப்பழ வாசனை அடித்த காலமும் உண்டு. வெந்தயம் கூடினால் கசக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

படி 4: மாவின் சொந்தக்காரர்

ஈஸ்ட் வேலையை முடித்த பிறகு இரண்டாவது புளிப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். ஒரு பாக்டீரியா, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். நாக்கைக் கடித்த ஒயின் பதமாகும். அந்த பாக்டீரியாவின் பெயர் ஈனோகாக்கஸ் ஈனி. 1995வரை அறிவியல் அதை லூகோனோஸ்டாக் பேரினத்தில் வைத்து லூகோனோஸ்டாக் ஈனோஸ் என்று அழைத்தது. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முதலிடம் லூகோனோஸ்டாக் மெசென்டராய்டஸுக்கு. ஆக மாவையும் ஒயினையும் ஒப்பிட்டது வெறும் உவமைக்காக இல்லை. இரண்டிலும் உழைப்பது ஒரே வம்சத்து உயிர்கள்.

இந்த பாக்டீரியாவுக்கும் வெதுவெதுப்பு வேண்டும். குளிர்காலத்தில், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் நிலவறைகளில் சில தொட்டிகள் வசந்தம் வரும்வரை அசையாமல் நிற்பதுண்டு. ஓவன் விளக்குக் கதைதான்.

படி 5: பீப்பாய்

இட்லி மாவோடு ஒயின் பிரியும் இடம் இது. மாவு மூன்றாம் நாள் தோசைக்கு, நான்காம் நாள் ஊத்தப்பத்துக்கு, அதற்கப்புறம் குப்பைத் தொட்டிக்கு. ஒயின் ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடந்து மேலாகும். மரத்தின் நுண்துளை வழியே துளித்துளியாக நுழையும் காற்றில் துவர்ப்பு இளகும். அமெரிக்க ஓக் தேங்காயும் வெனிலாவும் கலந்த மணத்தை அள்ளித் தரும். பிரெஞ்சு ஓக் அடக்கி வாசிக்கும்.

பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பா போனார். போர்தோவில் பல பத்தாண்டு தாங்கும் ஒயின்களைப் பார்த்துத் திரும்பி, 1951இல் அடிலெய்டில் கையில் கிடைத்த ஷிராஸையும் புது அமெரிக்க ஓக்கையும் வைத்துச் சோதனை செய்தார். அதுதான் கிரேன்ஜ் ஹெர்மிடேஜ். ஆரம்பத்தில் குடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957இல் சிட்னித் தலைமை அலுவலகம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 58, 59 மூன்று வருஷமும் மேலிடத்துக்குத் தெரியாமல் செய்து ஒளித்துவைத்தார். பழைய பாட்டில்கள் முதிர்ந்து சுவை திரும்பியதும் 1960இல் அதே அலுவலகம் மறுபடி தொடங்கச் சொன்னது. 1990ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து ஹெர்மிடேஜ் என்ற ஒட்டு போய், வெறும் கிரேன்ஜ் ஆயிற்று.

மிளகு எங்கிருந்து வந்தது?

குளிர்ந்த ஊர் ஷிராஸை முகர்ந்தால் மிளகு வாசனை அடிக்கும் என்று எல்லாரும் எழுதுவார்கள். அலங்காரமாகச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். 2008இல் அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் அந்த மணத்துக்குக் காரணமான மூலக்கூறைப் பிடித்தது: ரோட்டண்டோன். மிளகின் வாசனையைத் தருவதும் அதே மூலக்கூறு. முதன்முதலில் அது பிரித்தெடுக்கப்பட்டது கோரைக்கிழங்கிலிருந்து. பாட்டிமார் நலங்கு மாவில் சேர்த்தார்களே, அந்தக் கோரைக்கிழங்கேதான்.

அதன் வீரியத்தைப் பாருங்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அதாவது நூறு கோடி லிட்டர் ஒயினுக்கு 16 கிராம் போதும். விசித்திரம் என்னவென்றால், சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கூட்டினாலும் அது தெரியவே இல்லை. ஒரே மேஜையில் ஒருவர் 'மிளகு' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'எங்கே?' என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இந்த மூலக்கூறுக்கும் சூடு ஆகாது. மெல்பர்னுக்கு மேற்கே கிராம்பியன்ஸ் மலைப்பக்கத்தில் மவுன்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் ஆய்வு செய்தபோது, ஒரே தோட்டத்துக்குள்ளேயே குளிர்ந்த பகுதிக் குலைகளில் ரோட்டண்டோன் பல மடங்கு கூடுதலாக இருந்தது. பழம் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் நேரம் கூடக் கூட அளவு இறங்கியது. தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பதால் நிழலான பக்கம் தெற்கு. ஹெர்மிடேஜில் தெற்குப் பார்த்த சரிவுக்கு ஏங்கினார்கள். இங்கே மிளகு வேண்டுமானால் தெற்குச் சரிவு, காரணம் நேர் எதிர்.

விக்டோரியாவின் பழைய கொடிகள்

யாராவில் 1838லேயே கொடி நட்டாயிற்று. சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் அதை வளர்த்தார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் யெரிங் தோட்டத்து ஒயின் கிராண்ட் ப்ரீ பரிசு வாங்கியது. அதே காலத்தில் தென்மேற்கே ஜீலாங்கில் இடி விழுந்திருந்தது. ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி 1877இல் அங்கே கண்டுபிடிக்கப்பட, அரசு உத்தரவில் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். இதே பூச்சி பிரான்ஸையும் சூறையாடியிருந்தது. அங்கே இன்று பெரும்பாலான கொடிகள் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியவை.

பூச்சிக்கு மணல் மண் ஆகாது. அதனால் மெல்பர்னுக்கு வடக்கே தபில்க்கில் 1860இல் நட்ட ஷிராஸ் கொடிகளில் ஒரு பகுதி தன் சொந்த வேரிலேயே தப்பித்தது. கிரேட் வெஸ்டர்ன் என்ற ஊரில் ஹென்றி பெஸ்ட் 1868இல் நட்ட கொடிகளிலிருந்து இன்றும் ஒயின் வருகிறது. ஹெர்மிடேஜ் கொடியின் வாரிசுகள் தாய்வீட்டில் உள்ளவற்றைவிட வயதானவையாக இங்கே நிற்கின்றன. தாய்வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஹெர்மிடேஜ் குன்றில் பெயர் எழுதிவைத்திருக்கும் ஷப்பூத்தியே குடும்பம் விக்டோரியாவில் நிலம் வாங்கி, ஹீத்கோட்டின் செம்மண்ணில் ஷிராஸ் செய்கிறது.

யாராவின் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழிந்து மாட்டுப் பண்ணைகள் ஆயின. குடிப்பவர்களின் சுவை அப்போது போர்ட் போன்ற இனிப்பான, வலுக்கூட்டிய ஒயின்கள் பக்கம் போயிருந்தது. 1969இல் பெய்லி கராடஸ் தொடங்கிய யாரா யெரிங் போன்றவையே மறுபிறப்புக்கு வழி செய்தன.

கைமீறும் சூடு

மாவு இன்று சரியாக வரவில்லையென்றால் நாளை மறுபடி அரைக்கலாம். கொடி வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை வாய்ப்புத் தரும். 2019–20 கோடையில் காட்டுத்தீப் புகை ஹன்டரில் வாரக்கணக்கில் தங்கியது. புகையில் உள்ள ஃபீனால்கள் பழத்தோலுக்குள் நுழைந்து சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது, புளித்து ஒயினான பிறகு சாம்பல் வாசனையாக வெளியே வரும். அந்த வருஷம் பல தோட்டங்கள் அறுவடையையே கைவிட்டன. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் பழம் முன்னைவிடச் சீக்கிரமே பழுத்துவிடுவதையும், அதற்கு வெப்பமும் மண் வறள்வதும் முக்கியக் காரணங்கள் என்பதையும் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2012இல் காட்டியது. விக்டோரியாவின் பிரவுன் பிரதர்ஸ் நிறுவனம் 2010லேயே குளிர்ந்த டாஸ்மேனியாவில் தோட்டம் வாங்கிவிட்டது. ஓவன் விளக்கை அணைக்கலாம். வானத்தை அணைக்க முடியாது. அடுப்படியை மாற்றுவதுதான் வழி.

வாங்கும்போது

குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. மூன்று பாட்டில், நாலைந்து நண்பர்கள்: ஹன்டர் ஷிராஸ் ஒன்று, யாராவோ கிராம்பியன்ஸோ ஒன்று, குரோஸ் ஹெர்மிடேஜ் ஒன்று. கடைசியில் சொன்னது ஹெர்மிடேஜ் குன்றைச் சுற்றியுள்ள நிலத்தில் அதே சிராவில் செய்வது, விலை கைக்கு அடக்கம். 'அறைச் சூட்டில் பரிமாறவும்' என்பது பழைய பிரெஞ்சு வீட்டின் பதினாறு, பதினெட்டு டிகிரியைச் சொல்கிறது. சிட்னி ஜனவரியில் அறைச் சூடு முப்பது என்றால் பாட்டிலை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கூடவே மிளகுக் கறியோ கோழி வறுவலோ இருந்தால், ஆல்கஹால் குறைந்ததையே எடுங்கள். ஆல்கஹால் கூடினால் மிளகாய்க் காரம் இரட்டிப்பாக எரியும்.

கடையில் பரிசுப் பதக்கத்தையும் பின்னட்டை வர்ணனையையும் விட்டுவிட்டு இரண்டே விஷயத்தைப் பாருங்கள்: ஊரின் பெயர், ஆல்கஹால் சதவீதம். 13 என்றால் குளிர்ந்த இடம் அல்லது சீக்கிரம் பறித்தது. புளிப்பும் மிளகும் எதிர்பார்க்கலாம். 14.5, 15 என்றால் வெயில் முழுசாக வேலை செய்திருக்கிறது. ஜாம்போலக் கனிந்த பழம், கனமான உடம்பு. எந்த வீட்டின் சூட்டில், எவ்வளவு நேரம் வைத்து, எந்தப் பதத்தில் எடுத்தார்கள் என்று அந்த இரண்டும் சொல்லிவிடும். மாவுச் சட்டியைத் திறந்து ஒரு விரல் தொட்டுப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடும் வீடுகளுக்கு ஒயின் பாஷை அவ்வளவு அந்நியமானது ஒன்றும் இல்லை.